குருமடத்தில் எதை யாரிடம் சொல்வது?

கடலூர், புதுவைக் கத்தோலிக்கப் பங்குகளில் ஒரு பையன், பாதிரியாராகப் படிக்கும் குருமடத்திலிருந்து பாதியில் திரும்பிவிட்டால் காரணத்தை ஊரே கண்டுபிடித்துவிடும். படிப்பு ஏறலை, உடம்பு முடியலை; அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரியாம்." தன்பாலீர்ப்பு உள்ளவர் குருவாகலாமா என்பதில் திருச்சபை எழுதி வைத்திருப்பது வேறு, கோயில் வாசலில் பேசிக்கொள்வது வேறு.

குருத்துவத்துக்கான தடைகள் திருச்சபைச் சட்டம் 1041, 1042 ஆகிய எண்களில் வரிசையாக உள்ளன: மனநோய், கொலை, கருக்கலைப்புக்கு உடந்தை, மனைவி இருப்பது என்று போகிறது. ஈர்ப்பு அதில் இல்லை. அதனால் குருப்பட்டம் வாங்கியவருக்கு அப்படியொரு ஈர்ப்பு உண்டென்று பிறகு தெரிந்தாலும் அவர் வைத்த பூசை செல்லாமல் போகாது.

தடை வந்தது வேறு வழியில். 2005 நவம்பர் 4 தேதியிட்டு, பதினாறாம் பெனடிக்ட் ஒப்புதலோடு வத்திக்கானிலிருந்து ஓர் அறிவுறுத்தல் வந்தது. தன்பால் உறவில் இருப்பவர், அந்த ஈர்ப்பு ஆழமாக வேரூன்றியவர், 'கே கலாச்சாரம்' என்று அது குறிப்பிடுவதை ஆதரிப்பவர் ஆகியோரைச் சேர்க்கக்கூடாது. வளரிளம் பருவத்துத் தற்காலிகக் குழப்பம் என்றால், குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் (டீக்கன்) பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டுக்கு முன்பே அது தீர்ந்திருக்க வேண்டும். இறையியல் மூன்றாம் ஆண்டு முடிவில் டீக்கன் பட்டம் என்றால், முதலாண்டு வகுப்பில் உட்காரும்போதே தீர்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு. 2016இல் வந்த குருத்துவப் பயிற்சி நெறிமுறையும் இதையே திருப்பிச் சொன்னது.

சிக்கல் 'ஆழமாக வேரூன்றிய' என்ற சொல்லில்தான். எது ஆழம், எது மேலோட்டம் என்று ஆவணம் அளந்து சொல்லவில்லை. ஈர்ப்பு இருந்தாலே ஆழம்தான் என்று சில ஆயர்கள் எடுத்துக்கொண்டார்கள். மணத்துறவை நேர்மையாக வாழ முடிகிறதா என்பதே அளவுகோல் என்றார்கள் வேறு சிலர். டொமினிக்கன் துறவற சபையின் முன்னாள் தலைவர் திமோத்தி ராட்கிளிஃப் இந்த இரண்டாம் பக்கம். 2024 டிசம்பரில் கர்தினாலானார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. பெண்கள்மேல் ஈர்ப்புள்ள பையனிடம் கேட்பதும் அதே கேள்விதானே?

2025 ஜனவரியில் இத்தாலிய ஆயர்கள் 3 ஆண்டு சோதனையாக ஒரு நெறிமுறை கொண்டுவந்தபோது 'தடை நீங்கியது' என்று தலைப்புகள் வந்தன. நீங்கவில்லை. பழைய விதியை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, இந்த ஒன்றை மட்டும் வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று சேர்த்தார்கள், அவ்வளவுதான். அதுவும் இத்தாலிக்கு மட்டும்.

நம் பையன்கள் தடுக்கி விழுவது வேறிடத்தில். மாணவருக்கு ஆன்மிக வழிகாட்டியான ஆன்ம குருவிடம் சொன்னது, குருமடத்தை நடத்தும் அதிபரிடம் போகக்கூடாது. பட்டம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் ஆன்ம குருவின் கருத்தையோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரின் கருத்தையோ கேட்கவே கூடாது என்கிறது சட்டம் 240. ஆனால் ஒன்று: அந்த ஆன்ம குருவுக்கே பையனிடம் நேராக, "இந்த வழி உனக்கு வேண்டாம்" என்று எடுத்துச் சொல்லும் கடமையை 2005 ஆவணம் கொடுத்திருக்கிறது. மறைத்துக்கொண்டு பட்டம் வரை போவது பெரிய நேர்மையின்மை என்றும் சொல்கிறது. அதிபரிடம் சொன்னதோ பேராயர் மேசைக்குப் போகலாம். இந்த வித்தியாசம் தெரியாமல், பதற்றத்தில் அதிபர் அறைக் கதவைத் தட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள்.

உளவியல் சோதனைக்கு, வத்திக்கானின் 2008 வழிகாட்டுதலின்படி, மாணவரின் முன்சம்மதம் வேண்டும், கட்டாயப்படுத்த முடியாது. எதற்கு, முடிவை யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வாசிக்காமல் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசியில் ஓலை. கல்யாணத்துக்கு வாசிப்பதுபோல் பட்டத்துக்கும் பூசை முடிவில் பெயர் வாசித்து, தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள் என்பார்கள். மொட்டைக் கடுதாசிகள் கிளம்பும் வாரமும் அதுதான். நடந்த ஒன்றைப் பார்த்தவர் பெயர் போட்டு எழுதட்டும். நடையும் குரலும் 'ஒரு மாதிரி' என்பது தடையல்ல. ஒருவருடைய நற்பெயரை நியாயமின்றிக் கெடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று சட்டம் 220 சொல்கிறது. அது குருமட மாணவருக்கும் சேர்த்துத்தான்.