வெறும் மனச்சோர்வா, பைபோலாரா?

மனச்சோர்வு என்று போனால் நல்ல மனநல மருத்துவர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: சரியாகத் தூங்காமலே களைப்பும் தெரியாமல் பறந்துகொண்டிருந்த நாட்கள் எப்போதாவது இருந்ததா? ஏனென்றால் பைபோலாரில் (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் மனநோய்) வரும் சோர்வும் வெறும் மனச்சோர்வும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அழுகை, எதிலும் பிடிப்பின்மை, சாகலாம் என்ற நினைப்பு எல்லாம் இரண்டிலும் வரும்.

சிக்கல் என்னவென்றால் அப்படிப் பறக்கும் ஏற்றக் காலத்தை யாரும் நோய் என்று சொல்வதில்லை. ராத்திரி மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, நிறுத்தாமல் பேசி, நகையை அடகு வைத்துப் புதுத் தொழில் தொடங்குகிறவனைப் பார்த்து வீட்டில் 'அப்பாடா, பையன் தேறிட்டான்' என்றுதான் சந்தோஷப்படுவார்கள். அதனால் மருத்துவரிடம் போகும்போது, அந்த நாட்களைப் பார்த்த ஒருவரையும் அழைத்துப் போவது நல்லது.

காலையில் சிரிப்பு, மாலையில் எரிச்சல் என்பதெல்லாம் பைபோலார் ஆகாது (இணையத்தில் ஆளாளுக்கு அப்படித்தான் சொல்லித் திரிகிறார்கள்). லேசான ஏற்றம் என்றாலே தொடர்ந்து 4 நாளாவது இருக்க வேண்டும், முழு மேனியா (கட்டுமீறிய ஏற்றம்) என்றால் பொதுவாக ஒரு வாரம்.

இதைப் பிரித்துப் பார்க்காமல் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அதுவே மேனியாவைக் கிளப்பிவிடும். பைபோலாருக்குக் கொடுப்பது லித்தியம் போன்ற வேறு மருந்துகள். 1949-இல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்குப் பரிசோதித்த அதே லித்தியம்தான், இன்றும் ரத்த அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்தியாவில் 14416-ஐ அழைக்கலாம், இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.