இரவில் வண்டியிலேயே கிடக்கும் டூல்ஸுக்கு இன்சூரன்ஸ்

வேக்யூம் பம்ப், ரெக்கவரி மெஷின், மேனிஃபோல்டு கேஜ், பிரேஸிங் செட், ஃப்ளேரிங் டூல், டிஜிட்டல் தராசு, கிளாம்ப் மீட்டர், ரோட்டரி ஹேமர், ஜெட் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர். ஏ.சி. சர்வீஸ் வண்டியில் இருப்பதை இப்படி எழுதிக் கூட்டிப் பார்த்தால், பல நேரம் வண்டியின் இன்றைய விலையை நெருங்கிவிடும். வண்டிக்குத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதிலேயே இதுவும் வந்துவிடாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வராது. மோட்டார் பாலிசி வண்டிக்கும் அதில் பொருத்திய உதிரிகளுக்கும்தான். ஏற்றி வைத்த சாமானுக்கு இல்லை. பைக்கில் போய் வேலை பார்ப்பவருக்கு இன்னும் மோசம். பைக்கில் மாட்டிய பெட்டி மட்டும் களவு போனால் ஒரு பைசா வராது; பைக்கும் சேர்ந்து போயிருந்தால்தான் பெட்டிக்குக் கிளெய்ம்.

அடுத்து ஏஜென்ட் நீட்டுவது பெரும்பாலும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'. 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பாலிசி. ஓரிடத்தில் மொத்தச் சொத்து 5 கோடிக்குள் உள்ள சிறுதொழிலுக்கானது. தீ, புயல், வெள்ளத்துக்கு நல்ல பாலிசிதான். சென்னையில் வேளச்சேரி மாதிரி இடத்தில் தரைத்தள அறையில் சாமான் வைத்திருப்பவர்கள் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை நினைத்துக்கொண்டாவது இதை எடுக்கலாம். ஆனால் இரண்டு சிக்கல். அது பாலிசியில் எழுதிய முகவரியில் இருக்கும் பொருளுக்கு மட்டும். மதியம் அண்ணா நகரில் வேலையில் இருக்கும் பம்ப் அந்தக் கணக்கில் இல்லை. களவும், தீ வெள்ளம் போன்ற பாதிப்பு நடந்த 7 நாளுக்குள், அதையொட்டி நடந்தால்தான் சேரும். முத்ரா கடனில் டூல்ஸ் வாங்கியிருந்தால் வங்கியே ஒரு தீ பாலிசி போட்டிருக்கும். அதை வாங்கிப் பாருங்கள்: கடன் விண்ணப்பத்தில் கொடுத்த பழைய முகவரிதான் பல நேரம் அதில் இருக்கும். இடம் மாறியிருந்தால் எழுதிக் கொடுத்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்யும் திருத்தம்) வாங்க வேண்டும்.

கையோடு எடுத்துப் போகும் பொருளுக்கு உரியது 'ஆல் ரிஸ்க்' பாலிசி. தெர்மல் கேமரா, லேப்டாப் போன்றவற்றுக்கு எலெக்ட்ரானிக் எக்விப்மென்ட் பாலிசியில், வெளியே கொண்டுபோகும் பொருளுக்கான கூடுதல் கவரையும் சேர்க்கச் சொல்லலாம். ஆல் ரிஸ்க் என்ற பெயரை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். தேய்மானம், காயில் எரிவது, கம்ப்ரஷன் போவது எதற்கும் அதில் பணமில்லை. சொந்த ஆளே எடுத்துக்கொண்டு போனாலும் இல்லை; அதற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்று தனியாக இருக்கிறது. ஆர்-32, ஆர்-410ஏ கேஸ், காப்பர் டியூப் எல்லாம் கருவி ஆகாது, ஸ்டாக். தனி வரியாகக் கேட்டுப் போட்டால் உண்டு.

பிரீமியத்தைவிட முக்கியம் ஒரே ஒரு கேள்வி: இரவு பத்து மணிக்கு டூல்ஸ் எங்கே இருக்கும்? ஆளில்லாமல் நிற்கும் வண்டியிலிருந்து களவு போனால் கொடுக்க மாட்டோம் என்று ஒரு நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அதற்கு விலக்கு உண்டு. ஆனால் வண்டி நாலு பக்கமும் மூடிய பாடியாக இருக்க வேண்டும், கண்ணாடி ஏற்றிப் பூட்டியிருக்க வேண்டும், பூட்டையோ கண்ணாடியையோ உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். தார்பாய் கட்டிய சின்ன யானை (டாடா ஏஸ்) 'மூடிய வண்டி' ஆகாது. கயிறு எத்தனை முடிச்சு போட்டிருந்தாலும் இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் அதைப் பூட்டு என்று எழுத மாட்டார். ஆகவே பாலிசி போடும் முன்பே இதை மின்னஞ்சலில் கேளுங்கள்: வண்டி இன்ன வகை, இரவில் இன்ன தெருவில் நிற்கும், டூல்ஸ் உள்ளேயே இருக்கும், இதற்குக் கவர் உண்டா? ஏஜென்ட் போனில் சொல்லும் 'எல்லாம் வரும் சார்' எந்தக் கோப்பிலும் ஏறாது. பதில் 'இல்லை' என்று வந்தால் இரண்டே வழி. இரும்புப் பெட்டி பாடி கட்டுவது, இல்லையென்றால் விலை கூடிய நான்கைந்து பொருளை மட்டும் தினமும் இறக்கி வீட்டுக்குள் வைப்பது. இரண்டாவது சலிப்பான வேலைதான், ஆனாலும் செலவில்லாதது.

வீட்டிலோ கடையிலோ வைத்தாலும் பர்க்லரி (உடைத்து நுழைந்து திருடுவது) பாலிசி என்றால் உடைத்து நுழைந்த அடையாளம் வேண்டும். 2004-ல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: பலவந்தமாக நுழைந்தால்தான் என்று பாலிசியில் எழுதியிருந்தால், திறந்த கதவு வழியாக நடந்த களவுக்குப் பணம் கேட்க முடியாது. 'தெஃப்ட்' (திருட்டு) என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள்.

இனி பட்டியல். 'டூல்ஸ் ஒரு செட், 2 லட்சம்' என்று ஒரே வரியில் போடுவது பின்னால் வரும் சண்டைக்கு முன்பணம். ஒவ்வொன்றுக்கும் பெயர், கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வாங்கிய ஆண்டு, இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலை என்று எழுத வேண்டும். சீரியல் ஸ்டிக்கர் ஆறு மாதத்தில் எண்ணெயில் அழிந்துவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, கருவியின் உடம்பில் எங்காவது அந்த நம்பரைச் செதுக்கி வையுங்கள். பாரிமுனைக் கடைகளில் ஜி.எஸ்.டி. இல்லாமல் தரும் எஸ்டிமேட் சீட்டு கிளெய்ம் நேரத்தில் பெரிதாக உதவாது. பில் தொலைந்திருந்தால் கடையில் டூப்ளிகேட் கேட்கலாம். ஆன்லைனில் பணம் கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மென்டில் அந்த வரியைக் குறித்து வையுங்கள். பழைய கைமாற்றுப் பொருளுக்கு விற்றவரிடம் சீரியல் நம்பரோடு ரசீது எழுதி வாங்குங்கள்.

தொகையைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் சில நூறு மிச்சமாகும், போவது ஆயிரக்கணக்கில். மொத்தத் தொகைக்குப் போட்ட பாலிசியை எடுத்துக்கொள்வோம். டூல்ஸ் மதிப்பு 2,00,000, பாலிசி 1,20,000, களவு போனது 50,000. ஐம்பதாயிரம் வராது, நூற்றுக்கு அறுபது வீதம் 30,000 தான் கணக்கு. அதிலும் எக்சஸ் (நாமே ஏற்க வேண்டிய பகுதி) கழியும். பொருள்வாரியாகப் போட்ட பாலிசியில் இதே விகிதம் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகப் பார்ப்பார்கள். மதிப்பு மார்க்கெட் வேல்யூவா, புதிதாக வாங்கும் விலையா என்பதும் முன்பே தெரிய வேண்டும். மார்க்கெட் வேல்யூ என்றால் நாலு வருடப் பம்புக்குத் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள். டூல்ஸ் வாங்கியபோது ஜி.எஸ்.டி. இன்புட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால் வரி நீங்கிய விலைதான் கிடைக்கும். அதே நேரம் களவு போன பொருளுக்கு எடுத்த இன்புட்டைத் திருப்பவும் வேண்டும். இரண்டு பக்கமும் அடி விழும் இடம் இது, ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள். பிரீமியத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. பணம் கம்பெனிக்குப் போய்ச் சேரும்வரை கவர் தொடங்காது. செக் திரும்பினால் பாலிசியே இல்லாத மாதிரிதான்.

களவு நடந்தால் முதலில் வண்டியை நகர்த்தாதீர்கள். உடைந்த பூட்டு, கண்ணாடிச் சில்லு, நிறுத்திய இடம், வண்டி எண் எல்லாம் ஒரே படத்தில் வரும்படியும் கிட்டத்திலும் எடுங்கள். பிறகு போலீஸுக்கு 112. அதே நாளில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன், கையோடு மின்னஞ்சல். போலீஸுக்குத் தாமதமின்றித் தெரிவித்திருந்தால், கம்பெனிக்குச் சொன்னதில் தாமதம் என்பதை மட்டும் காட்டி வண்டித் திருட்டு கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020-ல் குர்ஷிந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு உண்டு. அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம், வாதாடத்தான் அது.

ஸ்டேஷனில் முதலில் கையில் கிடைப்பது, புகார் வந்தது என்று காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது. கிளெய்முக்கு அது போதாது, எஃப்.ஐ.ஆர். வேண்டும். வண்டியிலிருந்து சாமான் களவு என்பது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் வருகிறது. இடம் வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பினால், எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். புகாரில் 'டூல்ஸ் பை ஒன்று காணவில்லை' என்று எழுதிவிட்டு, கிளெய்ம் ஃபாரத்தில் பதினோரு பொருள் போட்டால் அங்கேயே நின்றுவிடும். பாலிசிப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துப் போய், போன பொருளைக் குறித்து, சீரியல் நம்பரோடு புகாருடன் இணையுங்கள். பூட்டு உடைந்திருந்தால் அந்தச் சொல் புகாரிலேயே இருக்க வேண்டும். 'காணவில்லை' என்பது வேறு, 'உடைத்து எடுத்தார்கள்' என்பது வேறு.

சர்வேயர் கேட்பது: எஃப்.ஐ.ஆர்., பில்கள், படங்கள், வண்டி ஆர்.சி., அன்றைய வேலைச் சீட்டு. கடைசிச் சீட்டு பலருக்குத் தோன்றாது. அந்தப் பம்ப் அன்று அந்த வண்டியில்தான் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதிகம் இழுப்பது, கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் தரும் நான்-டிரேசபிள் சான்று. அது வரும்வரை கோப்பு நகராது என்றால், பொருள் திரும்பக் கிடைத்தால் ஒப்படைக்கிறேன் என்று உறுதிமொழி கொடுத்துத் தீர்க்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். தொகை குறைவாக வந்து 'முழுத் தீர்வு' வவுச்சரில் கையெழுத்து கேட்டால், கணக்கு எப்படி வந்தது என்று சர்வே ரிப்போர்ட் நகல் வாங்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒத்துவராவிட்டால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். தமிழ்நாட்டுக்குச் சென்னை அலுவலகம். தனிநபர் நடத்தும் தொழிலும் குறுந்தொழிலும் போகலாம், கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை பார்க்கிறார்கள். மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். உத்யம் (அரசின் சிறுதொழில்) பதிவு இருந்தால் குறுந்தொழில் என்று காட்ட அதன் நகலையும் சேருங்கள். அந்தப் பதிவு இலவசம், இரண்டாயிரம் கேட்கும் இணையதளங்களை விட்டுவிடுங்கள்.