பாண்டி பஜாரில் அம்மாவோடு ஒரு நடை

நேற்று சாயங்காலம் அம்மாவைச் சென்னை தி.நகரில் இருக்கும் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் வலி அவருக்கு. எங்கள் தெருவில் நடைபாதையை டிரான்ஸ்பார்மரும் நாலு பைக்கும் அடைத்திருக்கும், சாலையில் இறங்கித்தான் நடப்பார். இங்கே அகலமான நடைபாதை, என் கையைப் பிடிக்காமலே நடந்தார். பாதி வழியில் உட்கார்ந்து, வாங்கிய மல்லிகையை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினார்.

இந்த நடைபாதை திறந்தது 2019 நவம்பரில். ஆனால் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 2014-லேயே மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. நகரப் போக்குவரத்துக்காக வேலை செய்யும் ஐடிடிபி, சென்னை சிட்டி கனெக்ட் போன்ற தன்னார்வ அமைப்புகள் கூடவே நின்றன. சாலையில் தற்காலிகத் தடுப்பு வைத்து வெள்ளோட்டம் பார்த்தது, கடைக்காரர்களிடம் பேசியது எல்லாம் அந்த உழைப்புதான். அதிகாரிகள் மாற்றலாகிப் போவார்கள். வரைபடத்தை விடாமல் கையில் வைத்திருக்க இப்படி ஆட்கள் வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எங்கள் வார்டு மக்கள் குறைகளைச் சொல்லும் ஏரியா சபையின் அடுத்த கூட்டத்துக்கு எங்கள் தெரு நடைபாதையை டேப் வைத்து அளந்து, படமெடுத்துக்கொண்டு போகிறேன். அம்மாவும் வருகிறாராம்.