படலைக்கு வெளியே

"அக்கா, இந்த வசனத்தை எங்கள் முகாமையாளருக்கு யார் சொல்வார்கள்? அவரும் பூசைக்கு வருகிறவர்தானே."

கடன் வசூலிக்க வந்த அந்தத் தம்பி கேட்டது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. வசூல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படலைக்கு வெளியே வெயிலில் நின்றபடி கேட்டார். "அதைப் பிறகு பார்ப்போம், இப்போது நீர் அங்கேயே நில்லும்" என்றேன். அவரும் நின்றார். ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நுண்கடன் என்றால் என்னவென்று வன்னியில் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணை நிற்கவைத்துக் கொடுத்து, கிழமைக்குக் கிழமை வசூலிக்கும் சிறு கடன். ஏ9 வீதி வழியாக வங்கிகளும் லீசிங் கம்பனிகளும் வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். திருச்சபை சார்ந்த ஒரு சமூகப் பணி அலுவலகத்தில் களப் பணியாளராக இருக்கிறேன். கோழிக்கூடு, வீட்டுத்தோட்டம், தையல் பயிற்சி, இவைதான் என் வேலை. கடன் என் வேலை அல்ல. அலுவலகத்தில் அதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள்: நிறுவனங்களோடு பெண்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் நாங்கள் தலையிடுவதில்லை. ஆனால் நாங்கள் கொடுத்த கோழிகளை விற்றுத்தான் அந்தப் பெண்கள் கிழமைக் கட்டுக் கட்டினார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பயனாளிகளின் வருமானம் உயர்ந்திருக்கிறது என்று நான் எழுதிய அறிக்கைகளில் ஒன்றும் பொய்யில்லை. அந்த வருமானம் எங்கே போகிறது என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

இது நடந்தது 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில். அதற்கு முந்திய டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காலபோக வயல்கள் வெள்ளத்தில் போயிருந்தன. நான் சொல்லும் அம்மாவின் வயலும் அதில் ஒன்று. குத்தகை வயல். கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சம் ரூபாயில் சுவரும் கூரையும் வந்தன. கதவுக்கும் யன்னலுக்கும் ஒரு குழுக்கடன் எடுத்தார். அதைக் கட்ட இன்னொன்று, அந்த இரண்டையும் கட்ட மூன்றாவது.

2018இல் அரசாங்கம் ஒரு நிவாரணம் அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள நுண்கடன்கள் தள்ளுபடி. வட்டிக்கு 35 வீதம் என்று உச்ச எல்லையும் வந்தது. அந்த அம்மாவுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. காரணம், அவர் நிலுவை வைக்கவில்லை. ஓரிடத்தில் வாங்கி இன்னோரிடத்தில் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தார். மானத்துக்குப் பயந்து தவறாமல் கட்டியவர்கள்தான் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். இதை நினைக்கும்போது இன்றும் என் நெஞ்சு கொதிக்கிறது.

வெள்ளத்துக்குப் பிறகு அவரால் கட்ட முடியவில்லை. வசூலிக்க வருபவர் முற்றத்தில் கதிரை போட்டு உட்காருவார். காசு வரும்வரை எழும்பமாட்டார். குழுவில் உள்ள மற்றப் பெண்கள் வந்து, தாங்கள் பிணை நின்ற கடனுக்காக இவரைத் திட்டுவார்கள். இருட்டிய பிறகும் ஓர் இளைஞன் முற்றத்தில் இருக்கிறான் என்று அயலில் கதை கட்டத் தொடங்கினார்கள். "மிஸ், நீங்கள் ஒரு நாள் வந்து பக்கத்தில் இருந்தால் போதும். பேசக்கூட வேண்டாம்" என்று கேட்டார். போனேன். அலுவலகத்தில் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிடைத்திருக்காது.

உள்ளே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் பங்கைச் சேர்ந்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் வாசகம் வாசிப்பவர். அவரும் என்னைக் கண்டு எழுந்து நின்றார்.

அப்போதுதான் விவிலியத்தில் இணைச் சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் என் வாயில் வந்தது. கடன் கொடுத்தவன் அடகு வாங்குவதற்காகக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் போகக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே அதை வெளியே கொண்டுவந்து கொடுப்பான். ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால், பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கவே கூடாது. அது ஒருவனின் உயிரையே அடகு வாங்குவது. "தம்பி, நீர் கோவிலில் வாசிக்கிற அதே புத்தகத்தில்தான் இது இருக்கிறது. இந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எழும்பி வெளியே போய் நில்லும்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. கதிரையை மடித்துச் சுவரோடு சாத்திவிட்டு வெளியே போய் நின்றார். நின்ற பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கடனைத் தடைசெய்யவில்லை. கடன் பட்டவருக்கும் ஒரு வாசல் உண்டு, அந்த வாசலைத் தாண்ட எந்தக் கடனும் உரிமை தராது என்று எழுதினார்கள். அந்த வாசலை அன்று யாரோ ஒருவர் காட்ட வேண்டியிருந்தது. மூத்த பிள்ளை அன்று மாலை பயமில்லாமல் கிணற்றடிக்குப் போனாள். அதற்கு மேல் எனக்கு என்ன நியாயம் வேண்டும்?

ஆனால் நான் அதோடு நிற்கவில்லை. பிரதேச செயலகத்துக்கு முறைப்பாடு எழுதினேன், அந்த அம்மாவின் சம்மதத்தோடு. தம்பியின் பெயரை எழுதவில்லை. நிறுவனத்தின் பெயரை எழுதினேன். திகதியையும் நேரத்தையும் கிராமத்தையும் எழுதினேன். அவை இல்லாமல் எழுதினால் அந்தக் கடிதம் ஒரு கோப்புக்குள் படுத்துவிடும் என்பது எந்தக் களப் பணியாளருக்கும் தெரியும். நிறுவனம் உடனே பதில் கொடுத்தது: எங்கள் கொள்கைக்கு மாறாக நடந்த ஊழியரை நீக்கிவிட்டோம். அவ்வளவுதான். கடன் அப்படியே இருந்தது, வட்டியும் இருந்தது. புதிதாக வந்தவர் படலைக்கு வெளியே நின்று, அயலவர்களுக்குக் கேட்கும்படி பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நீக்கப்பட்ட தம்பியின் சம்பளத்தில்தான் அவருடைய தாயார் சாப்பிட்டார். வசூல் குறைந்தால் அவருடைய கொடுப்பனவில் பிடிப்பார்கள் என்பதும், அவர் ஓடித்திரிந்த மோட்டார் சைக்கிளே லீசிங்கில் எடுத்தது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அதாவது கடன் வசூலிக்க வந்தவரும் கடன்பட்டவர்தான். முன்பே தெரிந்திருந்தால் கடிதத்தை எழுதாமல் விட்டிருப்பேனா? விட்டிருக்கமாட்டேன். வேறு விதமாக எழுதியிருப்பேனா? இந்தக் கேள்வியில்தான் நான் ஒவ்வொரு முறையும் தடக்கி நிற்கிறேன்.

பங்குத்தந்தையிடம் சொன்னேன். "நீங்கள் ஏழையின் பக்கம் நின்றீர்கள்" என்றார். எந்த ஏழையின் பக்கம், ஃபாதர், என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரத்தைப் பிறகு பலமுறை வாசித்தேன். எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும் காலம். பஞ்சம். மக்களும் அவர்களுடைய பெண்களும் தங்கள் சொந்த இனத்தாருக்கு எதிராகவே ஓலமிடுகிறார்கள். வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், அரசனுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், எங்கள் பெண் பிள்ளைகளில் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள் என்கிறார்கள். போர் முடிந்து திரும்பி வந்து வீடு கட்டிய சனம் இதை வாசிக்கும்போது விளக்கவுரை தேவைப்படாது. நெகேமியா கடுங்கோபம் கொள்கிறார். அதன் பின் தம் உள்ளத்தில் சிந்தித்துப் பார்க்கிறார். அதற்குப் பிறகே தலைவர்களையும் அதிகாரிகளையும் கண்டிக்கிறார், அவர்களுக்கு எதிராகப் பெரிய சபையைக் கூட்டுகிறார். வயல்களைத் திருப்பிக் கொடுங்கள், வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அவர்களும் கொடுக்கிறார்கள்.

அந்த வரிசை என்னை உறுத்துகிறது. கோபம், சிந்தனை, பிறகு பெரியவர்கள். வட்டிக்காக வாசல் வாசலாக அலைந்த வேலைக்காரன் யாராவது அந்த எருசலேமிலும் இருந்திருப்பான். அவனைப் பற்றி நெகேமியா ஒரு சொல்லும் பேசவில்லை. என் கோபத்துக்கு முதலில் கிடைத்தவன் அப்படிப்பட்ட ஒருவன்தான்.

பேச வேண்டிய இடத்தில் பேசிய மேய்ப்பர்கள் எங்களிடம் இல்லாமல் இல்லை. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை, 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்களின் தொகையிலிருந்து, போரின் முடிவில் அங்கிருந்து வெளியே வந்து பதிவானவர்களின் தொகையைக் கழித்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011 ஜனவரியில் அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவின் முன்னாலேயே கேட்டார். காவலில் நின்ற சிப்பாயிடம் அவர் அதைக் கேட்கவில்லை. 2021இல் அவர் இறந்தபோது நாங்கள் எல்லோரும் அழுதோம். அந்தக் கணக்குக்கு இன்றுவரை பதில் வரவில்லை. மேலே இருப்பவர்களிடம் கேட்டால் பதில் வந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கேள்வியின் முகவரி அதுதான் என்று சொல்கிறேன்.

அந்த முகவரியைத் தேடி நானும் போனேன். முகாமையாளரைக் கோவில் முன்றிலில் சந்தித்துப் பேசினேன். மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். வட்டி சட்டத்துக்கு உட்பட்டது, நடத்தைப் பிரச்சினைக்கு நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, வசூல் இலக்கைக் கொழும்பில் இருந்து அனுப்புகிறார்கள், அங்கே இருப்பவர்களுக்கும் வங்கிக் கடன் இருக்கிறது என்றார். நான் அவரை நம்புகிறேன். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. நெகேமியாவால் எல்லாப் பெரியவர்களையும் ஒரே முற்றத்தில் கூட்ட முடிந்தது. எங்களுடைய பெரியவர்களுக்கு முற்றமே இல்லை. ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் அடுத்தவரைக் காட்டுவார், கடைசியில் காட்டப்படுவது ஒரு கணக்குப் புத்தகமாக இருக்கும். அப்படிப் பார்த்தால், ஒரு மனித முகத்தைப் பார்த்து 'இது தவறு' என்று சொல்லக்கூடிய ஒரே இடம் அந்த அம்மாவின் வீட்டு வாசல்தானோ என்றும் தோன்றுகிறது. இவ்வளவு நேரம் நான் எழுதியதற்கு இது முரணாக இருக்கிறது என்பது தெரிகிறது. இரண்டையும் நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

2022 ஏப்ரலில் இந்த நாடே தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. பேச்சுவார்த்தை நடந்தது, தவணைகள் நீட்டப்பட்டன. அதை நான் குறை சொல்லவில்லை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலை, ஐம்பதாவது ஆண்டில் நிலம் திரும்புதல் என்று எழுதிவைத்த மரபில் வந்த எங்களுக்கு, கொடுக்க முடியாதவரிடம் பிடுங்கக் கூடாது என்பது புதிய செய்தி அல்ல. நாட்டுக்குப் பொருந்திய அந்த நியாயம் தருமபுரத்திலும் விசுவமடுவிலும் புதுக்குடியிருப்பிலும் கிழமைக் கட்டுக் கட்டும் பெண்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று கோவிலில் யாராவது கேட்க வேண்டும். நீதிக்காகச் செயற்படுவது நற்செய்தி அறிவிப்பின் பிரிக்க முடியாத கூறு என்று உலக ஆயர் மன்றம் 1971லேயே சொல்லிவிட்டது. எங்கள் மறையுரைகளில் கடன் என்ற சொல் பெரும்பாலும் பாவத்தைக் குறிக்கவே வருகிறது.

அதே நெகேமியாவில் நான் முதலில் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு வரி உண்டு. நானும் என் சகோதரரும் என் ஆள்களும்கூட இவர்களுக்குப் பணமும் தானியமும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்தக் கடன்களை விட்டுவிடுவோம் என்கிறார். தன்னையும் சேர்த்துத்தான் பேசுகிறார். எங்கள் அலுவலகத்திலும் ஒரு சுழற்சி நிதி, அதாவது ஒருவர் திருப்பிக் கட்டும் காசை அடுத்தவருக்குக் கடனாகக் கொடுக்கும் நிதி, இருக்கிறது. வட்டி குறைவு, யாரும் யார் முற்றத்திலும் உட்காருவதில்லை. ஆனாலும் மூன்று நிறுவனங்களுக்குக் கட்டும் ஒரு பெண்ணுக்கு அது நான்காவது கட்டு. வெள்ளம், வரட்சி வந்த போகத்தில் தவணையை நிறுத்திவைக்க வேண்டும், வட்டியை முற்றாக எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். நிதி கரைந்துவிடும், பிறகு வருபவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்று எதிர்த்தவர்களும் நேர்மையானவர்கள்தான். அவர்களுடைய கணக்கில் பிழை இல்லை. பங்குச் சபையிலும் இதை எழுப்பினேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். முகாமையாளரும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்.

தம்பி இப்போது மேசன் வேலைக்குப் போகிறார். மோட்டார் சைக்கிளை லீசிங் கம்பனி எடுத்துக்கொண்டுவிட்டது. அது முறைப்படி எடுக்கப்பட்டதா என்று பார்த்து முறைப்பாடு எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, அதை எடுக்க வந்தவனும் எங்களைப் போல ஒருவன்தான்" என்றார். சுழற்சி நிதிக்கு இம்முறை வந்த விண்ணப்பங்களில் அவருடைய தாயாரின் விண்ணப்பமும் இருக்கிறது, மாவரைக்கும் இயந்திரம் வாங்குவதற்கு. கொடுக்கலாம் என்று பரிந்துரைத்து எழுதியிருக்கிறேன். வட்டி பற்றிய முடிவு வரும்வரை அவரைக் காத்திருக்கச் சொல்வதா, இருக்கும் வட்டியிலேயே கையெழுத்து வாங்குவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.