ஜன்னல் கிரில்லுக்கு 11 நாள் ஃப்ளோட்: அது யாருடையது?

பார் சார்ட் பார்த்தால் எந்த வேலை எப்போது என்று தெரியும். எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது தெரியாது. தாமதம் வரும் அன்று நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தான். எது முடிந்தால் எது தொடங்கும் என்று கோடுகளால் இணைத்துக் காட்டும் படமான நெட்வொர்க் வரைவது அதற்காக. மொத்தத் திட்டம் தள்ளாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதமாகலாம் என்ற அவகாசம், அதாவது ஃப்ளோட், அதில்தான் தெரியும்.

இதற்கான முறைகள் இரண்டு. சி.பி.எம். (கிரிட்டிக்கல் பாத் மெத்தட்) 1957-இல் டூபாண்ட் ரசாயன நிறுவனத்துக்காக உருவானது. பெர்ட் 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் வந்தது. முன்னது நாள்கணக்கு ஓரளவு தெரிந்த வேலைகளுக்கு, பின்னது யாரும் முன்பு செய்திராத வேலைகளுக்கு. வீடு கட்டுகிறவருக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தேவைப்படும்.

ஒரு தளம் கொண்ட வீட்டில் சுவர் எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீதி வேலை: சென்டரிங் (ஸ்லாப் காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும் அமைப்பது) 6 நாள். அதே சமயம் கீழே கம்பி வெட்டி வளைப்பது 4 நாள். இரண்டும் முடிந்ததும் மேலே கம்பி கட்ட 3, மின்குழாயும் ஃபேன் பாக்ஸும் வைக்க 1, காங்கிரீட் 1. முட்டு நிற்க 14, பிரிக்க 2, சுவரில் காடி வெட்டி பைப் பதிக்க 4, உள்பூச்சு 10, பூச்சு கியூரிங் (தண்ணீர் விட்டு இறுக வைப்பது) 7. இதற்கு இணையாக முதல் நாளே ஜன்னல் கிரில்லுக்கு அளவெடுத்து ஆர்டர். செய்து வர 18, பொருத்த 2. பூச்சுக்கு முன் கிரில் சுவரில் இருக்க வேண்டும்.

முன்னோக்கிக் கூட்டுங்கள். ஒரு வேலைக்கு முன் இரண்டு வேலைகள் முடிய வேண்டுமென்றால் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். கம்பி கட்டுவது 6-இல் தொடங்கும், காங்கிரீட் 11-இல் முடியும், முட்டு 25 வரை, காடி 31-இல் முடியும். பூச்சு 41, கியூரிங் 48. இப்போது 48-இலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். இந்தத் திசையில், ஒரு வேலையிலிருந்து பல வேலைகள் கிளம்பினால் சிறிய எண். இரண்டு கணக்கிலும் ஒரே எண் வரும் வேலைகள்தான் கிரிட்டிக்கல் பாத். அவற்றில் ஒன்று தாமதமானால் மொத்தத் திட்டமும் தள்ளும். கம்பி வளைப்பதற்கு 2 நாள் ஃப்ளோட். கிரில் 20-இல் பொருத்தி முடியும், பூச்சு 31-இல்தான் தொடங்கும். ஆக 11 நாள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சாஃப்ட்வேர் பட்டியலில் ‘கிரில் செய்தல் – 11’, ‘கிரில் பொருத்துதல் – 11’ என்று இரண்டு வரியிலும் இருக்கும். மொத்தம் 22 நாள் இல்லை. ஒரே 11, அந்தப் பாதைக்குப் பொதுவானது. பட்டறைக்காரர் அத்தனையையும் எடுத்துக்கொண்டால் பொருத்துகிறவருக்கு ஒரு நாள்கூட மிஞ்சாது. ஃப்ரீ ஃப்ளோட் (அடுத்த வேலையைத் தள்ளாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய நாள்) என்று தனியே பார்த்தால் செய்வதற்கு 0, பொருத்துவதற்கு 11. ஆளிடம் தேதி சொல்லும்போது இந்த எண்ணை வைத்துச் சொல்வதே நல்லது.

இன்னொன்று, ஃப்ளோட் நிலையானது இல்லை. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-இன்படி சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டில், தாங்கிகளுக்கு இடையே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள ஸ்லாபுக்கு 7 நாளில் முட்டு எடுக்கலாம். அதற்கு மேல் 14. பீம் இருந்தால் 6 மீட்டர் வரை 14, அதைத் தாண்டினால் 21. பி.பி.சி. (போசோலானா கலந்த போர்ட்லாண்ட் சிமெண்ட்) போன்றவற்றுக்கு இந்த நாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும், அதை எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும். பீம் இல்லாத சின்ன அறைகள், 7 நாள் போதும் என்று வந்தால் திட்டம் 48-இலிருந்து 41 ஆகும். பூச்சு 24-இல் தொடங்கும். கிரில்காரர் ஒன்றுமே செய்யாமல் அவருடைய 11 நாள் 4 ஆகிவிட்டது! இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

அந்த 18 நாள் எப்படி வந்தது? பெர்ட் முறையில் மூன்று கணக்கு: எல்லாம் ஒழுங்காக நடந்தால் 12, வழக்கமாக 17, கெட்டுப்போனால் 28. நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 18. மோசமான 28 நாள் ஆனாலும் பொருத்தி முடிக்க 30. பூச்சு 31-இல் என்றால் பிரச்சினையில்லை. 24-இல் என்றால் 6 நாள் இடிக்கும். கிரிட்டிக்கல் பாதையில் இல்லாத வேலைதான், ஆனாலும் திட்டத்தைத் தள்ளிப்போடுவது அதுவாகவே இருக்கலாம். பெர்ட் நிகழ்தகவுக் கணக்கு மிக நீண்ட ஒரு பாதையை மட்டும் பார்ப்பதால் பெரும்பாலும் உண்மை நிலையைவிடச் சாதகமாகவே விடை தரும்.

வேகப்படுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். தச்சர்களைக் கூட்டி சென்டரிங்கை 6-இலிருந்து 4 ஆக்கினால் 2 நாள் மிச்சம். 3 ஆக்கினால் அந்தக் கூடுதல் கூலி வீண். கம்பி வளைப்பது 4 நாள், அதுவும் இப்போது கிரிட்டிக்கல். முட்டு நிற்கும் நாளை ஆள் போட்டுக் குறைக்கவே முடியாது. ஒரு நாள் குறைக்க எந்த வேலையில் செலவு குறைவு என்று பார்த்து, அதையும் ஒவ்வொரு நாளாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கை மறுபடி கணக்கிட வேண்டும். அலுப்பான வேலைதான்.

மேலே எளிமைக்காக எல்லாவற்றையும் தொடர் நாள்களாக எண்ணினேன். சாஃப்ட்வேரில் போடும்போது கொத்தனாருக்கு ஞாயிறு விடுமுறை, கியூரிங்குக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே வார நாட்காட்டியைக் கொடுத்தால் 14 நாள் முட்டு குறைந்தது 16 நாளாக நீளும். காத்திருப்பு வேலைகளுக்கு ஏழு நாள் வாரம் கொண்ட தனி நாட்காட்டி கொடுங்கள்.

வாராந்தர அப்டேட்டில் ‘எவ்வளவு முடிந்தது’ என்று கேட்காதீர்கள். 80 சதவீதம் என்பார்கள், அடுத்த வாரமும் 80 என்பார்கள். ‘இன்னும் எத்தனை நாள்’ என்று கேட்டு, அந்த எண்ணைப் போட்டு மறுபடி கணக்கிடுங்கள்.