அப்லேஷனை விட ஈசிஜிக்குத்தான் அதிகம் அலைந்தேன்

நெஞ்சுப் படபடப்புக்கு அப்லேஷன் (இதயத்துக்குள் மெல்லிய கம்பி விட்டுச் சுடும் சிகிச்சை) செய்துகொண்டேன் என்றதும் எல்லாரும் கேட்பது "வலிச்சுச்சா?" என்றுதான். மேசையில் படுத்திருந்தது பெரிய பாடே இல்லை. வந்திருப்பது இன்ன நோய் என்று ஒரு ஈசிஜி காகிதத்தில் பதிவாகும் வரை பட்டதுதான் பாடு.

காரைக்குடியில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறேன். தேன்குழல் பிழிந்துவிட்டுக் குனிந்து நிமிர்ந்தால் போதும், சட்டென்று நெஞ்சு தறிகெட்டு அடிக்கும். கழுத்தில் துடிப்பது எதிரே நிற்பவருக்கே தெரியும். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம். வந்த மாதிரியே சட்டென்று நிற்கும். நின்றதும் திரும்பத் திரும்பச் சிறுநீர் வரும். கழுத்துத் துடிப்பும் சிறுநீரும் இந்த வகைப் படபடப்புக்கு நல்ல துப்பாம், பின்னால்தான் தெரிந்தது. அதுவரை அயித்தைக்கு அது வாயுக்கோளாறு. ஒரு டாக்டருக்கோ, "நாற்பதைத் தாண்டிட்டீங்கல்ல, பதற்றம்தான்." தூக்க மாத்திரை எழுதித் தந்தார். பெண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனால் பாதி டாக்டர்களுக்கு முதலில் தோன்றுவது பதற்றம்தான் போல. எக்கோ என்கிற இதய ஸ்கேன் நார்மல், தைராய்டு நார்மல். 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு நெஞ்சு சமர்த்தாக இருந்தது.

கானாடுகாத்தானில் ஒரு கல்யாண வேலையின்போது வந்தது நிற்கவே இல்லை. காரில் காரைக்குடிக்குக் கூட்டி வந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஊசியைத் தொடும் முன், துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஈசிஜி எடுத்தார். நிமிஷத்துக்கு 190. வெறும் சிரிஞ்சைக் கையில் கொடுத்து அதன் தண்டு நகரும்படி 15 விநாடி ஊதச் சொன்னார். உடனே படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கிப் பிடித்தார்கள். பலருக்கு இதிலேயே நின்றுவிடுமாம். எனக்கு நிற்கவில்லை. அப்புறம் படபடப்பை நிறுத்தும் அடினோசின் ஊசி. மருந்து ஏறிய சில விநாடிகள் நெஞ்சை இறுக்கி, உயிர் போகிற மாதிரியே இருந்தது. சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது.

அந்த ஈசிஜியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு போட்டோவும் எடுத்துவிடுங்கள். அந்தக் காகிதத்தில் எழுத்து நாளாக நாளாக மங்கும். மதுரையில் இதயத் துடிப்புக்கென்றே தனியாகப் படித்த டாக்டர் அதைப் பார்த்ததும், "ஏவிஎன்ஆர்டி மாதிரி தெரியுதும்மா" என்றார். காப்பீட்டுக்காரர்கள் அனுமதி தரக் கேட்டதும் அதே காகிதத்தைத்தான்.

இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்கும் இடம் ஏவி முனை. சிலருக்குப் பிறவியிலேயே அங்கே இரண்டு வழி: ஒன்று வேகமானது, ஒன்று மெதுவானது. நம்ம ஊர் வீட்டில் முகப்பு வழியாக நுழைந்த பையன் பின்கட்டில் வெளியேறி, தெருவைச் சுற்றி மறுபடி முகப்புக்கே ஓடி வருவதுபோல, துடிப்பு ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதுதான் ஏவிஎன்ஆர்டி. அந்த மெதுவான வழியைச் சுட்டு அடைப்பதுதான் அப்லேஷன். நூற்றில் 95 பேருக்கு மேல் சரியாகிவிடும் என்றார். ஏவி முனை பக்கத்திலேயே இருப்பதால், நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, அது பாதிக்கப்பட்டுப் பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்டும் கருவி) தேவைப்படலாம் என்பதையும் மறைக்கவில்லை. மாத்திரையோடு காலம் தள்ளுவதும் ஒரு வழிதான். அடுப்படியில் நிற்கிற எனக்கு அது ஒத்துவராது என்று தோன்றியது.

மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். வெறும் வயிறு. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி. அந்தச் சுருக்குத்தான் வலி என்று சொல்ல இருந்தது. இரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பிகள் இதயத்துக்குள் போனதே தெரியவில்லை. அப்புறம் அவர்களே மின்சாரம் கொடுத்து என் படபடப்பை வரவழைத்தார்கள். "வழக்கமா வர்றது இதானாம்மா?" என்று டாக்டர் கேட்க, "இதேதான் சார்" என்றேன். இத்தனை நாள் யாரும் நம்பாத ஒன்றை அறை முழுக்கத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயத்தை விடச் சந்தோஷம்தான் வந்தது. சுடும்போது நெஞ்சில் லேசான சூடு, அவ்வளவுதான். ஒருவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. ஏவி முனைக்குச் சிக்கல் என்று தெரிந்த கணமே நிறுத்துவதற்காக. முடிந்ததும் அரை மணி நேரம் மருந்து கொடுத்தும் மின்சாரம் கொடுத்தும் தூண்டிப் பார்த்தார்கள். வரவில்லை.

அப்லேஷன் என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைக்க வேண்டாம். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. அதற்கு இதயத்தின் இடது மேலறைக்குள் போய் நுரையீரல் சிரைகளின் வாய்களைச் சுற்றித் தழும்பு போட வேண்டும். வேலையும் பெரிது, திரும்ப வரும் வாய்ப்பும் கூடுதல். என் கதையை வைத்து அவருக்குத் தைரியம் சொல்ல முடியாது.

எனக்கு எரிச்சல் வந்தது அதற்குப் பிறகு, காலை மடக்காமல் மல்லாந்து கிடந்த மணி நேரங்களில்தான். முதுகு விண்டு போயிற்று. மறுநாள் மேலூர், திருப்பத்தூர் வழியாக வீட்டுக்கு வந்தோம். ஒரு வாரம் கனமான பாத்திரம் தூக்கக்கூடாது என்றார்கள். சில வாரம் அவ்வப்போது ஒரு துடிப்பு தவறி விழுகிற மாதிரி இருந்தது. மறுபரிசோதனையில் ஈசிஜி பார்த்துவிட்டு அது பரவாயில்லை என்று, அப்லேஷனுக்குப் பிறகு சாப்பிட்டு வந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். நெஞ்சுக்குள் மெஷின் வைத்திருக்கிறதா என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். இல்லை, உள்ளே எதையும் வைக்கவில்லை.