ரோமெய்ன் பெட்டிகளை பிளாக்செயினில் ஏற்றிய அனுபவம்

கலிபோர்னியாவின் சலீனாஸ் பள்ளத்தாக்கில், ரோமெய்ன் போன்ற லெட்யூஸ் (சாலட் இலை) வகைகளை அறுத்து அனுப்பும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாடு என் வேலை. 2018 செப்டம்பரில் வால்மார்ட் தனக்கு இலைக் காய்கறி தரும் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது. எந்தச் சரக்கு எந்த வயலில் விளைந்தது என்ற விவரம் ஓராண்டுக்குள் ஐபிஎம் ஃபுட் டிரஸ்ட் என்ற பிளாக்செயினில், அதாவது ஏற்றியதை அழிக்க முடியாத பொதுப் பதிவேட்டில், ஏற வேண்டும்.

கேட்டதில் நியாயம் இருந்தது. அந்த ஆண்டு வசந்தகாலத்தில் அரிசோனா மாநிலத்தின் யூமா பகுதி ரோமெய்ன் மூலம் பரவிய ஈ.கோலை கிருமியால் 210 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். நவம்பரில் மறுபடி கிருமி தலைகாட்டியபோது, எந்த வயல் என்று உடனே தெரியாததால் ரோமெய்னையே யாரும் சாப்பிட வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். குளிர்கிடங்கிலிருந்த நல்ல சரக்கெல்லாம் குப்பைக்குப் போனதைப் பார்க்க வயிறு எரிந்தது.

கணினிப் பக்கம் பெரிய சிரமம் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அறுவடையிலிருந்து லாரியில் ஏற்றுவது வரை கட்டத்துக்கு ஒரு பதிவு. திண்டாட்டமெல்லாம் வயலில்தான். ரோமெய்னை அறுத்த இடத்திலேயே பெட்டியில் அடுக்கி ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். ஒரு வயலை முடித்துவிட்டுக் குழு அடுத்த வயலுக்கு நகரும்; ஸ்டிக்கர் சுருளில் மிஞ்சியதோ பழைய லாட் எண், அதாவது முந்தைய வயலின் சரக்கு எண். அதை அப்படியே ஒட்டினால் தப்பான வயல்தான் பிளாக்செயினில் அழியாமல் நிற்கும். பின்னால் திருத்தம் சேர்க்கலாம், சரி. ஆனால் தப்பு என்று யாருக்காவது தெரிந்தால்தானே?

வழி சொன்னவர் குழுவை நடத்தும் மெக்சிகோ அம்மா. வயல் மாறினால் மிஞ்சிய சுருளை அங்கேயே கிழித்துவிடுவார். புதுச் சுருளின் முதல் ஸ்டிக்கரைத் தன் நோட்டில் ஒட்டி, பக்கத்தில் நேரத்தை எழுதுவார். மாலையில் அந்த நோட்டை வைத்துத்தான் பதிவுகளைச் சரிபார்த்தேன். எந்த மென்பொருளைவிடவும் எனக்கு அதுதான் தெம்பு.

வால்மார்ட்டின் மாம்பழச் சோதனையில், பழம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் ஏறக்குறைய 7 நாள் தேடல் 2.2 விநாடியாகச் சுருங்கியதைப் பலரும் சொல்வார்கள். வேகத்தைவிட, ஒரு வயலின் சரக்கை மட்டும் திரும்பப் பெற முடிவதுதான் பெரிது என்பேன்.

பையில் வரும் சாலட் கலவைக்கு அந்தப் பலன் இன்னும் முழுசாக வரவில்லை. பல வயல்களின் இலைகள் ஒரே தண்ணீரில் கழுவப்படுவதால் ஒரு பையைத் தேடினால் பல வயல்கள் வருகின்றன. லாட் மாறும்போதெல்லாம் லைனை நிறுத்திக் கழுவச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உற்பத்தி குறையும் என்கிறார்கள். குறையட்டும்.